வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் வருமுன்: பெங்களூரில் நம் பகுதிப் பெண்கள் எங்கே நிற்பது?

அல்சூர்க்காரி | 2025 டிசம்பர் 21

பெங்களூரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தார்கள். நவம்பரில் ஐந்துக்கும் சேர்த்து 369 வார்டு என்று எல்லை முடிவாகிவிட்டது. எது லேடீஸ் வார்டு, எது எஸ்.சி., எது பொது என்ற பட்டியல்தான் பாக்கி. அது வந்த பிறகு பேசினால் கட்சிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அதனால் இப்போதே கேட்கிறேன்.

எங்கள் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். மகளிர் சங்கத்தை நடத்துகிறவர். ரேஷன் கார்டு, விதவை பென்ஷன், பள்ளி அட்மிஷன், சாக்கடை அடைப்பு என்று எதுவானாலும் சனங்கள் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். கன்னடம் சரளமாகப் பேசுவார். தேர்தலில் நில்லுங்கள் என்று தெருவே சொல்கிறது. அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "லேடீஸ் வார்டு ஆச்சுன்னா நிக்கிறேன்."

இந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. பாதி வார்டு பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. மீதிப் பாதி ஆண்களுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொது வார்டில் நிற்கப் பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் கட்சி ஆபீஸிலிருந்து டீக்கடை வரைக்கும் பொது வார்டு என்றால் 'ஜென்ட்ஸ் வார்டு' என்றே பேசுகிறார்கள். நாமும் அதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இதை எப்படி மாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

சிவாஜிநகர் பூத் | டிசம்பர் 21

மேடம், கட்சி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லாம் பி ஃபாரத்தில், அதாவது இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் படிவத்தில், இருக்கிறது. பொது வார்டில் பெண் பெயரை எழுதிக் கொடுத்தால் "லேடீஸ் வார்டுதான் தனியா இருக்கே, இதை ஏன் வீணாக்கணும்" என்பார்கள். வேட்புமனு கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் பி ஃபாரம் யார் கையில் என்று தெரியாது. அந்த நேரத்தில் தலைவர் வீட்டு வாசலில் இருபது பேரோடு நிற்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். பெண்கள் அங்கே நிற்பதில்லை, நிற்க விடுவதும் இல்லை.

---

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 21

எனக்கு இந்த ஒதுக்கீட்டு முறையிலேயே நம்பிக்கை போய்விட்டது. எங்கள் வார்டில் போஸ்டரில் பெண்ணின் படம் சின்னதாக, கணவர் படம் பெரிதாக. கூட்டத்தில் கணவர் பேசுவார், கான்ட்ராக்டர் கணவரைப் பார்ப்பார், அதிகாரி கணவருக்குப் போன் போடுவார். கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது. இதற்கு நேராக ஆணே நின்றிருக்கலாமே? பெயரளவுக்குப் பாதி இடம் கொடுப்பதைவிட, வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் வரட்டும் என்பதே சரி என்று நினைக்கிறேன்.

---

ராமமூர்த்திநகர் அம்மா | டிசம்பர் 22

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்ன காட்சியை நானும் பார்த்தேன். அதற்குப் பின்னால் நடந்ததையும் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2015இல் எங்கள் பழைய வார்டும் லேடீஸ் வார்டு ஆனது. ஜெயித்த அம்மா அதுவரை மேடையேறியதே இல்லை. முதல் வருஷம் எல்லாம் கணவர்தான். நாங்கள் மகளிர் சங்கத்திலிருந்து போனால் ஹாலில் அவர் உட்கார்ந்திருப்பார், அந்தம்மா உள்ளே காபி போடுவார். கோபமாக வரும்.

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. காவேரித் தண்ணீர் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் ராத்திரியில். வால்வு திறக்கிற ஆள் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறான், எந்த வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறது என்ற விவரமெல்லாம் கணவருக்குத் தெரியாது. ராத்திரி குடத்தோடு கண் விழிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் அவரிடம் சொல்வதை விட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் அந்தம்மாவிடமே சொல்ல ஆரம்பித்தோம். ஒரு நாள் ராத்திரி அவரே எங்களோடு வந்து வால்வு பக்கத்தில் நின்றார். தண்ணீர் வாரிய இன்ஜினியருக்கு அங்கிருந்தே போன் போட்டார். அதற்குப் பிறகு போன் கணவர் கைக்குத் திரும்பிப் போகவில்லை.

மூன்றாவது வருஷம் வார்டு கமிட்டிக் கூட்டத்தில் கணவர் எழுந்தபோது, "நீங்க உக்காருங்க, நான் சொல்றேன்" என்றார். அப்போது அங்கே இருந்த பெண்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கன்வாடிக்குக் கழிவறை, மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு, குப்பை ஆட்டோ காலை வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் வருவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினோம். பெண்கள் கேட்டால்தான் பட்டியலில் ஏறுகிற விஷயங்கள் இவை.

அப்படி ஒருவர் வேலை கற்றுத் தேறிய நேரத்தில் என்ன ஆனது? 2020 செப்டம்பர் 10ஆம் தேதியோடு கவுன்சிலின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. இன்றைக்கும் சனங்கள் அந்தம்மா வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவர் போன் போட்டால் எடுக்க வேண்டிய கட்டாயம் எந்த அதிகாரிக்கும் இல்லை. ஐந்து வருஷம் படிக்க வைத்துப் பரீட்சை நாளில் பள்ளியைப் பூட்டின மாதிரி இருக்கிறது. பினாமி என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். அந்த நிலையிலிருந்து மேலே வந்தவரை என்ன செய்தோம் என்பதற்கும் சேர்த்து வருத்தப்படுங்கள் சார்.

---

ஃப்ரேசர்டவுன் பெரியவர் | டிசம்பர் 22

ராமமூர்த்திநகர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் பழைய கதையும் தெரிய வேண்டும்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் விஷயத்தில் கர்நாடகம் நாட்டுக்கே முன்னோடி. 1983இல் ராமகிருஷ்ண ஹெக்டே அரசு கொண்டுவந்த சட்டம் மண்டல் பஞ்சாயத்திலும் ஜில்லா பரிஷத்திலும் கால் பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் அமைச்சர் அப்துல் நசீர் சாப். 1987இல் தேர்தல் நடந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள். நாடு முழுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தது 1993இல்தான். பிறகு இங்கே நகராட்சிகளிலும் அது பாதியானது.

பெங்களூர் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சியாக இருந்த காலத்தில், 2010 முதல் 2020 வரை, வருஷத்துக்கு ஒருவராகப் பத்து மேயர்கள் வந்தார்கள். அதில் சாரதாம்மா, சாந்தகுமாரி, பத்மாவதி, கங்காம்பிகே என்று நான்கு பேர் பெண்கள். ஆனால் ஓராண்டில் யாரால் என்ன செய்ய முடியும்? பட்ஜெட்டைப் புரிந்துகொள்வதற்குள் பதவி முடிந்துவிடும். புதிய சட்டத்தில் மேயர் காலம் 30 மாதம், ஐந்து மாநகராட்சிக்கும் தனித்தனி மேயர் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

என் பெரிய கவலை இந்த இடைவெளிகள். அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. இங்கே 2006 முதல் 2010 வரை ஒருமுறை கவுன்சில் இல்லாமல் போனது. இப்போது ஐந்து ஆண்டு தாண்டிவிட்டது. நம் சென்னையும் இதில் உத்தமம் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை அங்கேயும் கவுன்சில் கிடையாது. அதன் பிறகு நடந்த தேர்தலில்தான் 28 வயதில் பிரியா மேயரானார். 1957இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன், அவர்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது பெண், முதல் தலித் பெண் அவர்.

ஆண் அரசியல்வாதிக்குக் கவுன்சில் இல்லாவிட்டாலும் கட்சிப் பதவி, கான்ட்ராக்ட், சங்கம் என்று வேறு இடங்கள் உண்டு. நம் பெண்களுக்கு வார்டு மட்டும்தான் வாசல். அது மூடினால் முழுவதும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். தேர்தலைத் தள்ளிப்போடுவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் என் பதில் இதுதான்.

---

மாட்டுங்கா தமிழன் | டிசம்பர் 23

மும்பையிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே கதை. 2022 மார்ச்சில் மாநகராட்சியின் காலம் முடிந்து, இப்போதுதான் ஜனவரி 15 வாக்குப்பதிவு என்று அறிவித்திருக்கிறார்கள். நவம்பரில் குலுக்கல் போட்டு 227 வார்டில் 114 பெண்களுக்கு என்று வந்தது. தாராவியிலும் சயனிலும் நம் ஆட்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அல்சூர்க்காரி கேட்ட கேள்விக்கு மும்பையிலேயே ஒரு விடை இருக்கிறது. இங்கே 1997, 2002 தேர்தல்களை வைத்து ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு வார்டு ஒருமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, அடுத்த முறை பொதுவாக மாறிவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். முன்பு ஒதுக்கப்படாத வார்டைவிட, ஒதுக்கப்பட்டிருந்த வார்டில் அடுத்த தேர்தலில் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. குலுக்கலில்தான் வார்டுகள் தேர்வாகின்றன என்பதால் இதை ஒதுக்கீட்டின் பலன் என்றே எடுத்துக்கொள்ளலாம். பெண்ணால் முடியும் என்று வாக்காளரும் பார்த்துவிட்டார், கட்சியும் பார்த்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கே தைரியம் வந்துவிட்டது.

இன்னொரு தடையும் இங்கே உண்டு. 2001 செப்டம்பருக்குப் பின் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தால் மகாராஷ்டிராவில் கவுன்சிலராக நிற்க முடியாது. எத்தனை குழந்தை என்பதை எந்தப் பெண் தனியாக முடிவு செய்கிறாள்? மாமியார், கணவர், ஆண் பிள்ளை வேண்டும் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிறது. ஆனால் தகுதியை அவளும் இழக்கிறாள்.

---

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 23

ஐந்து மடங்கு என்பது பெரிய விஷயம்தான். இருந்தாலும் ஒரு கேள்வி. முப்பது வருஷமாக உள்ளாட்சியில் இத்தனை பெண்கள் வந்திருக்கிறார்களே, சட்டசபையில் ஏன் தெரியவில்லை? அங்கே தானாகவே ஏறியிருக்க வேண்டாமா?

---

கரோல்பாக் ரசிகா | டிசம்பர் 23

டெல்லியைப் பாருங்கள் சார், உங்கள் கேள்வியின் இரண்டு பக்கமும் இங்கே இருக்கிறது. இப்போதைய முதல்வர் ரேகா குப்தா 2007இல் மாநகராட்சிக் கவுன்சிலராகத் தொடங்கியவர். சுஷ்மா ஸ்வராஜ், ஷீலா தீட்சித், ஆதிஷிக்குப் பிறகு நான்காவது பெண் முதல்வர். ஷீலா தீட்சித் தொடர்ந்து 15 ஆண்டு இருந்தார். அதே டெல்லியில் மாநகராட்சியின் 250 வார்டில் பாதி பெண்களுக்கு. 2025 சட்டசபையிலோ 70 பேரில் ஐந்தே பெண்கள். 1998இல் ஒன்பது பேர் இருந்தார்கள். அதுவே இன்றுவரை உச்சம்.

ஏணி இருக்கிறது. ஏறுகிறவளும் இருக்கிறாள். மேல்தளத்துக் கதவு கட்சியின் கையில். தானாக எதுவும் நடக்காது.

---

அல்சூர்க்காரி | டிசம்பர் 24

கர்நாடகக் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். 2023 சட்டசபைத் தேர்தலில் 224 தொகுதியில் ஜெயித்த பெண்கள் பத்துப் பேர். இந்த மாநிலத்துக்கு இதுவரை ஒரு பெண் முதல்வர் வந்ததில்லை. ஜெயநகரில் சௌமியா ரெட்டி 16 ஓட்டில் தோற்றதை அந்த ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த யாரும் மறக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன பினாமி விஷயத்துக்கும் வருகிறேன். மகாதேவபுரா பெண்களுக்கு ஒதுக்கிய தொகுதி இல்லை. 2023இல் அங்கே அரவிந்த் லிம்பாவளிக்கு டிக்கெட் மறுத்துவிட்டு அவர் மனைவி மஞ்சுளாவுக்குக் கொடுத்தார்கள். அவர் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். ஆக, மனைவியை நிறுத்துவது ஒதுக்கீட்டால் வந்த பழக்கம் இல்லை. கட்சிகளுக்குக் குடும்பம் போதும், அவ்வளவுதான். அப்பாவின் தொகுதியில் மகன் நின்றால் வாரிசு என்று மாலை போடுகிறோம். அந்த மகன் முதல் வருஷம் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறான் என்று யாராவது விசாரித்திருக்கிறோமா? கற்றுக்கொள்ள அவனுக்குக் கொடுக்கிற காலத்தைப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டசபைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் 106ஆவது திருத்தம் வந்தாகிவிட்டது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை என்று அதற்குள்ளேயே நிபந்தனை எழுதியிருக்கிறது. அதுவரை கையிலிருப்பது வார்டுதான்.

---

டேனரி ரோடு பொண்ணு | டிசம்பர் 24

அக்கா, எனக்கு 23 வயது. இந்த இழையை என் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். தண்ணீர் தண்ணீர் வாரியத்திடம், கரண்ட் பெஸ்காமிடம், பஸ் பிஎம்டிசியிடம், போலீஸ் மாநில அரசிடம். அப்புறம் கார்ப்பரேட்டர் (வார்டு கவுன்சிலர்) கையில் என்னதான் இருக்கிறது? அம்மா கேட்கிறார்: ஜெயித்து வந்தாலும் எல்லோரிடமும் கெஞ்சத்தானே வேண்டும்?

---

ராமமூர்த்திநகர் அம்மா | டிசம்பர் 24

நல்ல கேள்வி கண்ணு. அம்மா சொல்வதில் பாதி உண்மை. சட்டப்படி மாநகராட்சி கையில் இருப்பது குப்பை, வார்டு ரோடு, தெருவிளக்கு, பூங்கா, மழைநீர்க் கால்வாய், மார்க்கெட், சொத்து வரி, காத்தா (சொத்துப் பதிவு), பிறப்பு இறப்புச் சான்று, கொசு மருந்து. யோசித்துப் பார், ஒரு பெண்ணின் ஒரு நாளில் இதெல்லாம் எத்தனை இடத்தில் குறுக்கே வருகிறது என்று. விளக்கில்லாத ஒரு சந்தால் டியூஷனை நிறுத்தின பிள்ளைகள் எங்கள் பக்கமே உண்டு.

மற்ற வாரியங்களைப் பொறுத்தவரை கெஞ்சுகிறோமா, கேட்கிறோமா என்பது உட்காரும் இடத்தைப் பொறுத்தது. வார்டு கமிட்டிக்குக் கார்ப்பரேட்டர்தான் தலைவர். பத்து உறுப்பினரில் குறைந்தது மூன்று பேர் பெண்கள் என்று பழைய சட்டத்திலேயே இருந்தது. கூட்டக் குறிப்பில் ஏறிய விஷயத்துக்கு அதிகாரி அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். நான் குறிப்பு எழுத வைத்தே பல வேலையை முடித்திருக்கிறேன். இப்போது கார்ப்பரேட்டர் இல்லாமல் ஓர் அதிகாரியே தலைமை வகித்து, அவரே தன்னிடம் கேட்டு, தானே பதில் எழுதிக்கொள்கிறார்.

தெரு கூட்டுகிற பௌரகார்மிகர்களை நினைத்துப் பார். பெரும்பாலும் தலித் பெண்கள். விடியற்காலையில் வருகிறவர்களுக்குப் போக ஒரு கழிவறை இல்லை. இதைக் கவுன்சிலில் எழுந்து சொல்ல ஒரு பெண் வேண்டாமா?

உனக்கு 23 என்றாய். மாநகராட்சிக்கு 21 வயது போதும். சட்டசபைக்குத்தான் 25. அம்மாவிடம் இதையும் சொல்.

---

சிவாஜிநகர் பூத் | டிசம்பர் 25

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். 198 வார்டாக இருந்த ஏறக்குறைய அதே ஊர் இப்போது 369 வார்டு. ஒவ்வொன்றும் சின்னது. முன்பு வண்டி, ஆள், பணம் இல்லாமல் ஒரு வார்டைச் சுற்றி வர முடியாது. இப்போது சங்கத்துப் பெண்கள் நடந்தே எல்லா வீட்டுக்கும் போய்விடலாம். பணமில்லாத வேட்பாளருக்கு இவ்வளவு சாதகமான எல்லை நான் பார்த்ததில்லை. பி ஃபாரம் கிடைக்காவிட்டாலும் சுயேச்சையாக நிற்பது பற்றி யோசிக்கலாம்.

---

மர்ஃபிடவுன் குரல் | டிசம்பர் 25

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. எங்கள் பக்கம் எஸ்.சி. பெண்கள் வார்டு வர வாய்ப்பு அதிகம். என் அத்தை நிற்க விரும்புகிறார். மூன்று தலைமுறையாக இங்கேதான். சாதிச் சான்று மட்டும் தமிழ்நாட்டில், அம்மா ஊரில் வாங்கியது. அது செல்லுமா?

---

ஃப்ரேசர்டவுன் பெரியவர் | டிசம்பர் 25

செல்லாது அப்பா. இதில் பலர் கடைசி நாளில் மனு தள்ளுபடியாகி நிற்கிறார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள்.

எஸ்.சி. தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் எஸ்.சி. என்றால் குடிபெயர்ந்த மாநிலத்திலும் தானாக எஸ்.சி. ஆகிவிடாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதி திராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. ஆனால் குடும்பம் 1950இல் ஜனாதிபதி உத்தரவு வந்த காலத்திலேயே இங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது என்று காட்ட வேண்டும். தாத்தாவின் பள்ளிச் சான்று, கன்டோன்மென்ட் கால வேலைப் பதிவு, பழைய வாடகை ரசீது, கோயிலில் இருக்கும் பதிவு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அதை வைத்து நாட கச்சேரியில் (வருவாய்த் துறை அலுவலகம்) விண்ணப்பித்து, தாசில்தாரிடமிருந்து கர்நாடகச் சான்றே வாங்க வேண்டும். விசாரணைக்கு வருவார்கள். நாளாகும். இன்றே தொடங்குங்கள்.

அதற்குப் பின்னால் வந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். வேலூர், தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள். அந்தப் பெண்கள் இங்கே எஸ்.சி. வார்டில் நிற்க முடியாது. பொதுப் பெண்கள் வார்டு அல்லது பொது வார்டுதான். அல்சூர்க்காரி எழுப்பிய கேள்வி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும்.

---

மர்ஃபிடவுன் குரல் | டிசம்பர் 25

ரொம்ப நன்றி ஐயா. தாத்தா இங்கே மில்லில் வேலை பார்த்தவர். 1950க்கு முன்பா பின்பா என்று பாட்டியின் தம்பியிடம் கேட்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 26

பினாமி விஷயத்தில் என் கவலை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு யோசனை. எந்தப் பெண்ணை ஆதரித்தாலும், சங்கத்தின் முன்னால் மூன்று வாக்குறுதி வாங்குங்கள். போன் அவர் கையில் இருக்கும். வார்டு கமிட்டியில் அவரே பேசுவார். அதிகாரியைச் சந்திக்கக் கணவரைத் தனியாக அனுப்ப மாட்டார். இதற்கு ஒப்புக்கொள்கிற வேட்பாளருக்கு நான் கணக்கு வழக்கு எழுதித் தருகிறேன். தேர்தல் செலவுக் கணக்கைச் சரியாகக் காட்டாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, அதில் நான் உதவ முடியும்.

---

அல்சூர்க்காரி | டிசம்பர் 26

சார், இதைவிட என்ன வேண்டும். மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

நேற்று அக்காவிடம் இந்த இழையை முழுக்க வாசித்தேன். மும்பை ஆய்வைக் கேட்டதும் "நம்ம வார்டு 2015ல லேடீஸ் வார்டுதானே" என்றார். பழைய வார்டின் பெரும்பகுதி புதிய எல்லைக்குள்ளும் வருகிறது. கடைசியில், பட்டியல் எப்படி வந்தாலும் மனு கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

எஸ்.சி. வார்டாக வந்தால் வேறொருவரை ஆதரிப்போம். பொது வார்டாக வந்தால் இரண்டு பெரிய கட்சியின் தொகுதி ஆபீஸிலும் எழுத்து மூலமாகவே டிக்கெட் கேட்பது என்று சங்கத்தில் முடிவு. வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். அந்தக் கடிதம் நல்ல கன்னடத்தில் இருக்க வேண்டும். அக்கா பேசுவார், எழுத்து அவ்வளவு வராது. யாராவது எழுதித் தர முடியுமா?

வாக்காளர் பட்டியலையும் எல்லோரும் பார்த்துவிடுங்கள். வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8, புதியவர்களுக்குப் படிவம் 6. எங்கள் ஒரே சந்தில் கல்யாணமாகி வந்த பல பெண்களின் பெயர் இன்னும் அம்மா வீட்டு முகவரியில் கிடக்கிறது.

---

டேனரி ரோடு பொண்ணு | டிசம்பர் 26

நான் கன்னட மீடியத்தில் படித்தவள் அக்கா. கடிதம் நான் எழுதித் தருகிறேன். சங்கம் இதுவரை செய்த வேலைகளை வருஷத்தோடு தனிமடலில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம். அம்மாவும் கூட்டத்துக்கு வருகிறாராம்.